முழுத் திருப்தியாளர்

சின்னையா வீரசிங்கம் (பிறப்பு 1967), பிரதம லிகிதர், கண்டி.

முழுத் திருப்தியாளர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. அதைத் தேடி நீங்கள் உடவத்தக்கலைக் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. மேசையும் கதிரையும் மின்விசிறியும் உள்ள எந்த இடத்திலும் அது செழித்து வாழும். அதை இனங்காண்பதும் எளிது. குறை என்னவென்று கேட்டால் வாய் திறக்காது. கேட்காவிட்டால் வாய் மூடாது. அவ்வினத்தின் நிறைவான மாதிரி என்பதாலேயே வீரசிங்கத்தின் பெயர் இங்கே முதலில் நிற்கிறது.

கட்டுகஸ்தோட்டை வீதியில், மலைநாட்டுக் கடைகளுக்கெல்லாம் பிஸ்கட்டும் சவர்க்காரமும் லொறிகளில் அனுப்பும் மொத்த வியாபார நிறுவனமொன்றில் எழுத்தர்களுக்குத் தலைவராக அவர் பணிபுரிகிறார். அங்கே சென்ற வருடம் கணினியில் பில் பதியும் ஒழுங்கு வந்தது. எல்லாரும் அதற்கு இட்ட பெயர் 'சிஸ்டம்'. அந்தச் சிஸ்டத்திடம் ஒரேயொரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு பில்லைப் பதிந்து 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினால், அடுத்த பில்லுக்குப் போகாமல், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததுபோல முதற் பக்கத்துக்கே ஓடிவிடும். மறுபடியும் பெயர், மறுபடியும் கடவுச்சொல், மறுபடியும் திகதி, மறுபடியும் லொறி இலக்கம். மறுபடியும் ஒரு பில். மறுபடியும் ஓட்டம்.

இதனால் அதிகம் வதைபட்டவள் நிரோஷா. மாலையில் எல்லா லொறிகளின் பில்களையும் பதிந்து நாளை முடித்துவைப்பவள் அவள்தான். வீடு புசல்லாவையில். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் மகள் விழித்திருக்கும்போது வீடு சேரலாம். சிஸ்டம் வந்த நாள்முதல் அவள் அந்த பஸ்ஸின் பின்புறத்தை மட்டுமே கண்டிருக்கிறாள்.

"வீட்டுக்குப் போனா புள்ள தூங்குது, காலைல கெளம்புறப்பவும் தூங்குது" என்பாள். "ஞாயித்துக்கிழம மட்டும் வர்ற விருந்தாளின்னு என்னைய நெனச்சிக்கிட்டு இருக்கு."

வீரசிங்கம் இதைக் கேட்டுப் பொங்காமல் இருப்பாரா? பொங்குவார். பத்து மணிக்கு, தேநீர் அறையில், நாள் தவறாமல் பொங்குவார்.

அந்தக் காட்சியைக் காணாதவர் கண்டியில் எதைக் கண்டு என்ன பயன்? தேநீர் அறையின் நீள மேசைதான் பில். வாசற்படிதான் முதற் பக்கம். வீரசிங்கமே சிஸ்டம். ஒற்றை விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டி, "சேமி!" என்று முழங்குவார். மறுகணம் கழுத்துப்பட்டி தோளுக்கு மேல் பறக்க, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, கதிரைகளுக்கிடையே வளைந்து வளைந்து வாசலுக்கு ஓடுவார். அங்கே நின்று, பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவர் சளி பிடித்துப் பேசும் குரலில் கேட்பார்:

"யாருங்க நீங்க? உங்கள முன்னப்பின்ன பார்த்ததே இல்லையே?"

உடனே தமது சொந்தக் குரலுக்கு மாறுவார். "அடப் பாவி! இப்பதானேடா உன்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன்! வீரசிங்கம்டா!"

"இருக்கட்டும். கடவுச்சொல்?"

அறை அதிரும். களஞ்சியப் பொறுப்பாளர் நிஸாம் பிளேன்டீயை மூக்கால் சிந்துவார். "மச்சான், இன்னொருக்கா ஓடு மச்சான்! இப்ப வந்தவங்க பாக்கல்ல!" வீரசிங்கம் இன்னொருக்கா ஓடுவார். தட்டிலுள்ள வடைகளுள் பெரியது அவருக்கென்று ஒதுங்கியிருக்கும். அலுவலகத்தில் எத்தனையோ பிரதம லிகிதர்கள் வந்து போயினர். எவருக்கேனும் வடை ஒதுங்கியதுண்டா?

இப்படியிருக்க, ஓர் அறிவித்தல் வந்தது. சிஸ்டத்தைச் செய்த நிறுவனத்திலிருந்து சஞ்சீவனி என்னும் பெண் வருகிறாள். பாவிப்போரின் கருத்துகளைக் கேட்டறிந்து சிஸ்டத்தைத் திருத்துவாள். இப்போது சொல்லாத குறை இனி அடுத்த வருடந்தான் திருந்தும்.

நிரோஷா வீரசிங்கத்தின் மேசைக்கு வந்து நின்றாள். "சேர், நீங்க சொன்னாத்தான் எடுபடும். நாங்க வாயத் தொறந்தா, சேர் இருக்கிறப்ப இவளுக்கு என்ன பேச்சும்பாங்க. அந்த ஓட்டத்த மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சேர்."

"நிறுத்தச் சொல்றதா? நாளைக்கு வந்து பாரு புள்ள. கிழிச்சுத் தொங்கவிடுறேன்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அன்றிரவு அம்பிட்டிய வீட்டில் சட்டையைத் தாமே அழுத்தி மடித்தார், கண்ணாடி முன் நின்று, "இதுதான் நீங்க செஞ்ச லட்சணமா?" என்று இரண்டு விதமாகக் கேட்டும் பார்த்தார். அவர் மனைவி பரிமளம், தன்னைத்தான் கேட்கிறார் என்று எண்ணிப் பதிலுக்குப் பதில் கொடுத்தது வேறு கதை.

மறுநாள் பிற்பகல் கூட்டம். வெள்ளை விரிப்பு விரித்த மேசை, தட்டுகளில் தின்ன ரோல்ஸ், பெட்டிஸ், நடுவில் முகாமையாளர். சஞ்சீவனி பேராதனையில் படித்தவள், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பொழுது விடிவதைப் பார்ப்பவள்போல எல்லாரையும் பார்த்தாள். "என்ன குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்ல. சேர், நீங்க தொடங்குங்களேன்."

வீரசிங்கம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். நிரோஷா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அந்தக் கணத்தில் அவருக்குள் நடந்ததை என்னவென்று சொல்வது? முகாமையாளரின் மூக்குக் கண்ணாடி மின்னியது. பெட்டிஸ் மணத்தது. பிள்ளை இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது. இவை யாவற்றுக்கும் அடியில் மெல்லிய குரலொன்று, சளி பிடித்த நொத்தாரிசின் குரல், அவரைக் கேட்டது: "ஓட்டம் நின்னா, நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க யாருங்க?"

"ஒரு குறையுமில்லை" என்றார் வீரசிங்கம். "முழுத் திருப்தி."

"ஒண்ணுமே இல்லையா சேர்? அஞ்சு நட்சத்திரத்துல எத்தனை கொடுப்பீங்க?"

"அஞ்சும் கொடுக்கலாம். ஆறாவது இல்லையா மகள்?"

மூத்தவர் திருவாய் மலர்ந்த பின் இளையவர் மறுத்துரைப்பது அந்த அலுவலகத்தில் நடவாத காரியம். மேசையைச் சுற்றித் திருப்தி பரவியது. நிஸாமுக்குத் திருப்தி. காசாளருக்குத் திருப்தி. நிரோஷாவின் முறை வந்தது. அவள் வீரசிங்கத்தைப் பார்த்தாள், அவர் பெட்டிஸைப் பார்த்தார். "சேர் சொன்னதுதான்" என்று அவள் அமர்ந்தாள். வெளியே ஐந்து மணி பஸ் போயிற்று.

சஞ்சீவனி மடிக்கணினியை மூடி, எல்லாருக்கும் நன்றி சொல்லிப் போனாள். அவள் படியிறங்கிய ஓசை அடங்கிற்றோ இல்லையோ, தேநீர் அறை நிரம்பிவிட்டது. அங்கே வீரசிங்கம் பொங்கினார் பாருங்கள்! அதுபோன்ற பொங்கல் அதற்கு முன் இல்லை. "அஞ்சு நட்சத்திரமாம்! இந்த ஓட்டாண்டிக்கு நட்சத்திரம் ஒரு கேடா? இங்க பாருங்க... சேமி!" பறந்தது கழுத்துப்பட்டி. கதிரை ஒன்று கவிழ்ந்தது. ஓடினார், ஓடினார், வாசற்படிக்கே ஓடினார்.

வாசற்படியில் சஞ்சீவனி நின்றாள். வெளியே மழை, மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள்.

வீரசிங்கம் தோளில் கிடந்த கழுத்துப்பட்டியை இறக்கி நேராக்கினார்.

"ஏன் சேர், இத உள்ள சொல்லல்ல?" என்றாள் சஞ்சீவனி.

வீரசிங்கம் உண்மையாகவே திகைத்தார். "உள்ள நீங்க கேட்டீங்களே மகள். கேட்டா எப்படிச் சொல்றது?"

அவள் கவிழ்ந்த கதிரையை நிமிர்த்தி, அதிலேயே உட்கார்ந்தாள். "சரி, நான் கேக்கல்ல. குடை எடுக்க வந்தேன்."

வீரசிங்கம் நிலத்தைப் பார்த்தார். அப்போது பின்வரிசையிலிருந்து நிரோஷாவின் குரல் வந்தது: "சேர், ஓடுங்க சேர். அவங்க முதல்லருந்து பாக்கல்ல."

புதிதாக வந்த ஒருவர், அதுவும் முதலிலிருந்து பார்க்காதவர்! எந்தக் கலைஞனால் தாங்க முடியும்? வீரசிங்கம் மேசைக்குத் திரும்பினார். முழுவதையும் நடித்தார். லொறி இலக்கத்துக்கு ஒரு புதுக் குரல் கொடுத்தார். கடைசியில் தாம் எண்ணியிராத ஒன்றையும் செய்தார்: நிரோஷாவைப்போலக் கைப்பையை மார்போடு அணைத்து, போய்விட்ட பஸ்ஸுக்குக் கைகாட்டி நின்றார். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சஞ்சீவனி சிரித்து முடித்திருந்தாள்; மடிக்கணினியைத் திறந்திருந்தாள்.

அந்த மாதம் முடியுமுன் ஓட்டம் நின்றது. ஒரு பில்லைச் சேமித்தால் அடுத்த பில் வந்து பணிவோடு நின்றது. நிரோஷா ஐந்து மணி பஸ்ஸின் முன்புறத்தைக் கண்டாள். யன்னலோரம் இருக்கையும் கிடைத்தது. "புள்ள வாசல்ல நிக்கிது சேர்! 'இன்னைக்கு ஞாயிறா?'ன்னு கேக்குது!"

வீரசிங்கம் மகிழ்ந்தார். மகிழ்ந்தபடியே வடையின்றி மெலிந்தார். பத்து மணிக்குச் சுவரைப் பார்த்துத் தேநீர் குடித்தார். "என்ன மச்சான், எங்கயும் ஓடல்லையா?" என்று நிஸாம் கேட்டால், "எங்க ஓடுறது?" என்பார். பிறகொருநாள் அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பில்லும் சேர்ந்ததும் புதிய சிஸ்டம் 'டிங்' என்று ஒரு மணி அடிப்பதை அவர் கவனித்துவிட்டார். மறுநாள் தேநீர் அறையில் இடம் இல்லை. "பில் போடுறேனா, பூசை வைக்கிறேனா? டிங்! தீபாராதனை! டிங்! விபூதி!" பெரிய வடை ஒதுங்கியது.

அந்த வாரமே சஞ்சீவனி தொலைபேசியில் அழைத்தாள். "சேர், புதுசு எப்படி இருக்கு?"

"ஒரு குறையுமில்லை மகள். முழுத் திருப்தி."

"அப்படியா சேர்? அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு டீ குடிக்க வர்றேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. சென்ற முறை முடி வெட்டியவர் உங்கள் பிடரிக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "சரியா?" என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதன்பின் தெருவில் எத்தனை பேரிடம் என்ன சொன்னீர்கள்? போகட்டும், இக்கட்டுரை எப்படி இருக்கிறது என்று நேரில் கேட்டால், உங்கள் பதில் இப்போதே தெரியும். ஆகையால் கேட்கப்போவதில்லை, நீங்கள் தேநீர் குடிக்கும் இடம் எதுவென்று மட்டும் விசாரிக்கப்படும்.

வீரசிங்கம் கடைசியாக முழுத் திருப்தி தெரிவித்த நாள்: 2025 செப்டெம்பர் 11, வியாழக்கிழமை.