கதிரேசன் காருக்குச் செய்த பணிவிடை

ஒரு மாவட்டம் முன்னேறிவிட்டதா என்பதை அதன் பாலங்களை வைத்து முடிவு செய்யக்கூடாது. கார்களின் முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழங்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்த வகையில் கோயம்புத்தூர் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் உச்சியில், கணபதி பகுதியில் குடியிருந்த கதிரேசன் இருந்தார்.

கதிரேசன் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். லேத்துக்கு எண்ணெய் விடாமல் ஓட்டுகிற ஆளைக் கண்டால் ஷெட் அதிரக் கத்துவார். ஆனால் லேத் என்பது இயந்திரம். வாசலில் நிற்கும் வெள்ளைக் கார் மகாலட்சுமி. இந்த வேறுபாடு தெரியாதவர்கள்தான் கார் வாங்கியதும் ‘பராமரிப்பு’ என்று அலைகிறார்கள்.

அவர் அலையவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கழுவி, சாம்பிராணி காட்டி, முகப்பில் பூச் சாத்தினார். பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. காரோடு வந்த புத்தகம் மூலைக்கு மூலை மஞ்சள் தடவிப் பூஜை அறையில் இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு வைத்த புத்தகத்தை அன்று படிக்கக்கூடாது என்பது வழக்கம். கதிரேசன் அதை வருடம் முழுவதற்கும் நீட்டித்திருந்தார். ஷோரூமிலிருந்து ஒரு பெண் சர்வீஸை நினைவூட்டக் கூப்பிடும்போதெல்லாம், அது வாராவாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று பணிவாகச் சொல்லி வைத்துவிடுவார்.

இத்தகைய காரில்தான் அவரும் மனைவி மதிவதனியும் அன்று காலை சென்னிமலைக்குப் புறப்பட்டார்கள். மலைக்கோயிலில் தங்கை அன்புக்கரசியின் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி கதிரேசனுடையது. பின் சீட்டில் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. நல்ல நேரம் முடிவதற்குள் மடி போய்ச் சேர வேண்டும்.

சூலூர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ எரிந்தது.

"ஏனுங்க, அது என்னங்க? வெளக்காட்டம் எரியுதுங்களே."

கதிரேசன் குனிந்து பார்த்தார். சின்ன எண்ணெய் விளக்கின் உருவமேதான். முனையில் ஒரு சொட்டு வேறு. அவருக்கு மெய்சிலிர்த்தது.

"நல்ல காரியத்துக்குப் போறப்போ தானா வெளக்கு எரியுது அம்மணி. எத்தன பேருக்கு இப்படி அமையும்?"

யாரையாவது கேட்கலாம் என்று மதிவதனி சொல்லிப் பார்த்தாள். எரிகிற விளக்கைப் பற்றி ஊரைக் கேட்கும் குடும்பமல்ல தன்னுடையது என்று அவர் விளக்கினார். வண்டியை ஓரங்கட்டினார். விளக்கு என்று ஒன்று எரிந்தால் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். சீர்த்தட்டிலிருந்து சந்தனத்தைக் குழைத்து, விளக்கை மூடியிருந்த கண்ணாடி மேல் வைத்தார். அதன் மேல் குங்குமம். பொட்டு கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டதால் விளக்கு கண்ணை உறுத்துவதும் நின்றது.

பல்லடம் தாண்டி, மகாலட்சுமி ஒரு முறை உறுமி, நடுச்சாலையில் நின்றாள்.

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த யூனுஸ் வந்து பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவினார். நுனியில் ஈரமே இல்லை.

"ஆயில் எப்பங்க மாத்துனீங்க?"

"மாத்தறதுங்களா?" கதிரேசன் நிமிர்ந்தார். "வாங்குனப்போ ஊத்துன ஆயிலுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரையும் தொட உடலீங்க."

யூனுஸ் இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை. எஞ்சின் காய்ந்து இறுகிப் பிடித்துவிட்டது, இனி அதைத் தள்ளத்தான் முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்த வழியாகப் போன கோழி வண்டியை நிறுத்தி இருவரையும் ஏற்றிவிட்டார்.

பட்டு வேட்டியில் இறகு ஒட்ட, மடியில் சீர்த்தட்டோடு கதிரேசன் மலையேறிச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து, புதுத் தோட்டோடு பெரியப்பா மகன் தம்பிதுரையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பிதுரை பஸ்ஸில் வந்திருந்தார்.

கதிரேசன் தங்கையைத் தேடிப் பிடித்து நடந்ததை எல்லாம் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. அப்படித் தாங்கியும் வண்டி கைவிட்டுவிட்டதே என்று முறையிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அவள் இடது கையிலிருந்த மாவுக்கட்டு கண்ணில் பட்டது.

"கையில என்ன கண்ணு கட்டு?"

"உழுந்துபோட்டனுங்ணா. மாசமாச்சு."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

அன்புக்கரசி அவர் தோளிலிருந்த கோழி இறகை நல்ல கையால் எடுத்துப் போட்டாள்.

"நோம்பிக்கு நோம்பி பட்டுச்சேலையோட வாரீங்க, பூவும் பழமும் வெச்சுபோட்டுப் போறீங்க. உள்ள என்ன வத்திப்போச்சுன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களாண்ணா? அந்த வண்டிக்குத் தெகிரியம், நடுரோட்டுல நின்னுபோட்டுது. நான் இன்னும் ஓடிட்டிருக்கறேன்."