அரசிக்குக் கவுன்சிலிங்

என் மனைவி அன்புக்கரசியை ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டிச் சரிபண்ணிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்து தீர்மானம் எடுத்தேன். அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றியது. என் தீர்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவளுக்கு என்ன கோளாறு என்று கேட்பீர்கள். சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். பொறாமைப்படாதீர்கள், முழுவதும் கேளுங்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் சண்டைகூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று அவள் கேட்டால், அந்த மரியாதையிலேயே பாதி உயிர் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வளமாக வாழ்ந்துவந்தோம். இப்போது எது சொன்னாலும் ஒரே பதில்.

"ரசத்துல உப்பே இல்ல!"

"செரிங்க."

"என்ன செரி? போடோணுமில்ல?"

"போட்டர்றனுங்க."

"இப்பப் போட்டு என்ன பிரயோசனம்?"

"செரிங்க, போடுலீங்க."

"நான் கத்தறது உனக்குக் கேக்குதா இல்லியா?"

"நல்லாக் கேக்குதுங்க. பக்கத்து ஊட்டுக்கும் கேக்குதுங்க."

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சண்டை போடுவான்? சுவரோடு மல்லுக்கட்டினால் சுண்ணாம்பாவது உதிரும். நான் பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவன். மோட்டார் கத்தினால் பயப்பட மாட்டேன். சத்தமே இல்லாமல் நின்றால்தான் உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்று அர்த்தம். அரசிக்கும் உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

"அரசி, நாம ஒரு கவுன்சிலரப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமா?"

"சாக்கடை அடைப்புக்குங்களா?"

"வார்டு கவுன்சிலர் இல்ல. மனசுக்குப் பாக்கறவங்க."

"அய்யோ, நா வரமாட்டனுங்க! அது பைத்தியக்காரங்க போற எடமுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுத்துப் பேசிவிட்டாள்! நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்குப் பிரியாணி கிடைத்த மாதிரி இருந்தது. விடலாமா? செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். மறுநாள் சாயங்காலம் வக்கீல் மாதிரி நின்றேன்.

"பைத்தியத்துக்கு இல்ல அரசி. தூக்கம் வராதவங்க, வேலையில மனசு நொந்தவங்க, சும்மா சும்மா எரிஞ்சு விழறவங்க, எல்லாருந்தான் போறாங்க."

"எரிஞ்சு விழறவங்களும் போலாமுங்களா?"

"அவங்கதான் முக்கியமாப் போகோணும்."

"மாத்திரையக் குடுத்துத் தூங்க வெச்சுருவாங்களாமா?"

"மாத்திரை குடுக்கறது டாக்டரு. இவங்க பேசறதோட செரி. நாம பேசப்பேச, உள்ள அடைச்சுட்டுக் கெடக்கறது தானா வெளிய வரும்."

"நாம சொல்றத ஊரு பூராச் சொல்லிப்போட்டா?"

"ஒரு வார்த்த வெளிய போகாது. அது அவங்க தொழில் தர்மம்."

"ஆம்பளைங்க போவாங்களா?"

"ஏன் போகக்கூடாது? ஆம்பளைக்கு மனசு இல்லியா? அழுகை வந்தா அழுகலாமாம். அதுல ஒரு அசிங்கமும் இல்ல!"

எனக்கே புல்லரித்துவிட்டது. அரசி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள்.

"ஏனுங்க, நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்க. மொதல்ல நீங்க ஒருக்காப் போயிட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. பின்னாடியே நா வாரனுங்க."

அருமை! பஞ்சாயத்தில் முதலில் பேசுகிறவன் பக்கம்தான் காற்று அடிக்கும். நான் முந்திக்கொண்டு என் வழக்கைச் சொல்லிவிட்டால், பிறகு அவள் போய் என்ன சொல்லி என்ன? உடனே ஒப்புக்கொண்டேன். கோயமுத்தூருக்குள்ளேயே ராமநாதபுரத்தில் நிதா என்று ஒரு மேடம் இருக்கிறார்களாம், தானே போன் பண்ணி நேரம் கேட்டு வைக்கிறேன் என்றாள். அவ்வளவு பணிவு! ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை போனேன். வாசலில் இருந்த பெண், "சாமுவேல் சாருங்களா? வாங்க, வாங்க" என்று ரொம்ப நாளாக எதிர்பார்த்த மாப்பிள்ளையைப் போல வரவேற்றாள். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர். நிதா மேடத்துக்கு என் தங்கச்சி மகள் வயசு இருக்கும். இந்தப் பொண்ணா தீர்ப்புச் சொல்லப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் ரசத்திலிருந்து ஆரம்பித்து வழக்கை முழுவதும் வைத்தேன்.

"அவங்க 'செரிங்க'ன்னு சொல்றப்ப உங்களுக்குள்ள என்ன நடக்குதுங்க சார்?"

"எரிச்சலா வருது மேடம்."

"அந்த எரிச்சலுக்கு அடியில?"

"அடியிலயும் எரிச்சல்தான் மேடம். அதை விடுங்க, தப்பு யாரு மேலன்னு சொல்லுங்க."

"இங்க தீர்ப்புச் சொல்றதில்லீங்க சார். தூக்கமெல்லாம் எப்படிங்க வருது?"

தூக்கமா? வருவதில்லை. எதனால் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். அவர் இன்னும் சும்மா இருந்தார். அரசியாவது 'செரிங்க' என்று ஒரு சொல் சொல்வாள். இந்த அம்மா அதுவும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அன்பாகப் பார்த்தார். தாங்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன். திறந்தால் கதிர் வந்துவிட்டான்.

கதிர் என்னிடம் தொழில் பழகிய பையன். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வரவேண்டிய ஃபோர்மேன் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நானே கைகுலுக்கி, நானே மைசூர்பாகு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல்தான்.

"ஊட்டுல சொல்லலீங்க மேடம். அரசி கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா பாவமேன்னு ஒரு பார்வ பாப்பா. அதத் தாங்க என்னால ஆகாது."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சும்மா கண்ணைக் கசக்கவில்லை, விக்கி விக்கி அழுதேன். பெட்டியில் பாதிப் பேப்பர் காலி. அத்தனை வலி உள்ளே கிடந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கிளம்பும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார். அரசியைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்றேன்.

"இப்போதைக்கு நீங்க மட்டும் வாங்க சார்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான், வழக்குப் போட்டவனையே உள்ளே பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று உறைத்தது. டீக்கடைக் குழாயில் முகத்தைக் கழுவினேன். வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று முடிவோடு போனேன்.

"எப்படீங்க இருந்துச்சு?"

"பிரமாதம். உன்னப் பத்தி எல்லாஞ் சொன்னேன். அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"எனக்காகங்களா?"

"எனக்காக!"

"கண்ணு செவந்திருக்குதுங்களே?"

"பஸ்ஸுல தூசி."

"செரி, நா எப்பப் போறதுங்க?"

"நீ போக வேண்டியதில்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லியாம். இதோட முடிஞ்சுது."

அரசி காப்பியைக் கையில் கொடுத்தாள்.

"முடிஞ்சுதுங்களா? அப்பறம் எதுக்குங்க செவ்வாக்கெழம வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்குது?"

"என்ற போனுக்கு ஒண்ணும் வரலியே?"

"என்ற போனுக்குத்தானுங்க வரும். உங்க பேரப் பதியறப்ப என்ற நம்பரத்தானுங்களே குடுத்தேன்."

"எப்பப் பதிஞ்ச?"

"கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோடங்க. நா கூப்பிட்டா வரமாட்டீங்க. நீங்களாக் கெளம்பற வரைக்கும் மாசக்கணக்காத் தேதியத் தள்ளித் தள்ளி வெச்சுட்டிருந்தனுங்க."

மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"அப்ப அந்த 'செரிங்க'? அதும் அந்தம்மா சொல்லிக் குடுத்ததா?"

"இல்லீங்க. அது என்ற சொந்த யோசனைங்க."

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாக்கு. அதையும் எடுத்து வீசினேன்.

"செவ்வாக்கெழமையெல்லாம் போக முடியாது அரசி. கம்பெனியில லீவு தரமாட்டாங்க."

"தருவாங்களாமுங்க," என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள் அரசி. "கதிருகிட்டக் கேட்டுப்போட்டனுங்க."