பின்பக்கமாக வந்த மாப்பிள்ளை

முதலில் கறுப்பாக எண்ணெய் வந்தது. அப்புறம் மரத்தூள் வந்தது.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அழகுமலையின் நெற்றியில் அது கொத்துக் கொத்தாக விழுந்தது.

"கர்ணா, காருக்குள்ள எதுக்குப்பா மரத்தூளு?"

தேனியில் லாரிப் பட்டறை வைத்திருந்த கர்ணன் குனிந்து பார்த்தான். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே சின்னக் குடம் போலத் தொங்கிய டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குள் விரலை விட்டு, இன்னும் கொஞ்சம் தோண்டி எடுத்து மோந்தான்.

"தேக்கு மரத்தூளுண்ணே. உள்ள பல்லுத் தேஞ்சுபோனா வண்டி ஊளையிடும். விக்கிறவன் மரத்தூளை அடைச்சு வித்துருவான். கொஞ்ச மாசத்துக்குச் சத்தம் வராது. மேகமலை எஸ்டேட்டுத் துரை இதை உங்க தலையில கட்டிட்டுக் கப்பலேறிட்டாக."

"அதை மறுபடியும் உள்ள போட்டுருவமா?"

"சேச்சே, எம் பட்டறையில அந்த வேலை கிடையாது" என்றான் கர்ணன். சுத்தமாகக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கொடுத்தான்.

சின்னமனூர் திரும்பும் வழி முழுக்கக் கார் சங்கு ஊதியது. அப்படியே இழவு வீட்டுச் சங்கு. சீலையம்பட்டியில் கடைவாசலில் நின்ற நாலு பேர் தோள் துண்டை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். ஒருவர் மட்டும் காருக்குள் எட்டிப் பார்த்து, "யாரு தவறினது?" என்று கேட்டார்.

"யாரும் தவறலை. வண்டிதான்" என்றார் அழகுமலை. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அழகுமலைக்கு நாற்பத்தாறு வயது, உதடு தெரியாத அடர்ந்த மீசை. வாழைத் தோட்டம், இரண்டு ஜோடி மாடு, நாலு பத்தி வைத்த பெரிய வீடு எல்லாம் இருந்தன. வீட்டில் பேசத்தான் ஆள் இல்லை. மனைவி பஞ்சம்மாள் காலராவில் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. காலையில் எழுந்து அவரே உலை வைப்பார், அவரே வடிப்பார். "உப்புக் கூடிப்போச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது போய்விடும். தொண்டை அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று தொழுவத்துக்குப் போய் மாடுகளிடம் சந்தை நிலவரம் சொல்லிவிட்டு வருவார்.

கார் வாங்கியதும் அதனால்தான். கார் இருந்தால் கம்பம், உத்தமபாளையம் போகிறவர்கள் ஏறிக்கொள்வார்கள்; இறங்கும் வரைக்கும் பேச்சுத் துணை கிடைக்கும். ஏழு மாதம் அப்படித்தான் நடந்தது. பொண்ணு கொடுத்தது, பங்காளிச் சண்டை, பல்வலி என்று எல்லாரும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்கள். சங்கு ஊத ஆரம்பித்த பிறகு ஏறியவர் ஒருவர்தான். அவரும் பாதி வழியில் இறங்கி நடந்தார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மாயக்காள் வந்து சேர்ந்தாள். அவள் அழகுமலைக்குப் பெரியப்பா மகன் பெண்டாட்டி, மதினி முறை. பதினோரு வருடமாக அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவள்.

"கொழுந்தனாரே, ஒரு எடம் அமைஞ்சிருக்கு. வடுகபட்டி. பேரு சந்தனம்மாள். முப்பத்தாறு வயசு, இன்னும் கலியாணம் ஆகல. அண்ணன் நல்லகண்ணுதான் எல்லாம். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாடி வரச் சொல்லியிருக்காக."

"நீங்களும் வாங்க மதினி."

"அந்த வண்டியிலயா? எனக்கு இடுப்பு ஆகாது. எல்லாம் பேசி வச்சிருக்கேன், போய்ப் பாத்துட்டு வாங்க."

"அப்ப நான் பஸ்ஸுல போயிருதேன்."

"அதெப்படி? மாப்பிள்ளை காரு வச்சிருக்காகன்னு சொல்லித்தானே அவுக சம்மதிச்சிருக்காக! கார்லதான் போகணும். ஆனா அந்த ஊளையோட போனீக, பொண்ணு வீட்டுக்காரன் கதவைச் சாத்திருவான்."

அவள் போன பிறகு அழகுமலை வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பலகை வெறுமனே கிடந்தது. அதில் ஒருத்தி உட்கார்ந்து, 'அப்புறம்?' என்று கேட்பது போல நினைத்துப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தைக்காக எந்த டிஃபரன்ஷியலையும் சரிபண்ணிவிடலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை அவரே வேலையில் இறங்கினார். மரத்தூள் போட்டால் சத்தம் அடங்கும் என்றால், வழுவழுப்பான வேறு எதைப் போட்டாலும் அடங்கத்தானே வேண்டும்? தோட்டத்தில் பழுத்த தார் ஒன்று தொங்கியது. இரண்டு சீப்புப் பழத்தை உரித்து, பிசைந்து, டிஃபரன்ஷியலுக்குள் திணித்து மூடினார்.

கார் பூனை போலப் போனது. ஒரே ஒரு நாள்.

புதன்கிழமை பழம் காய்ச்சிய பாயசமாகி அச்சு வழியே ஒழுகியது. சங்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கூடவே ஈ. கார் எந்த ஊருக்குப் போனாலும் ஈக்கள் பின்னாலேயே வந்தன. தொழுவத்து மாடுகள் நாலும் காரின் பின்புறத்தை நக்கிக்கொண்டு நின்றன.

"என்னத்தண்ணே போட்டீக?" கர்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நாட்டுப்பழம்."

கர்ணன் ஒரு வாளி மண்ணெண்ணெய் எடுத்து வந்தான். பிறகு எல்லாவற்றையும் கழுவி, பல்சக்கரங்களை நெருக்கி வைத்து முடுக்கினான். இப்போது சங்கு நின்று, உலோகம் உலோகத்தைக் கடிக்கும் அலறல் வந்தது. தெரு முனையில் கட்டியிருந்த கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"அதிகமா முடுக்கிட்டேன்" என்றான் கர்ணன் அடக்கமாக. "இனி வேற வழியில்லண்ணே. போடி ரோட்டுல இதே மாதிரி வண்டி ஒண்ணு பாலத்துல விழுந்து கெடக்கு. அதோட டிப்ரன்ஷியல் புதுசு. கழட்டி மாட்டிருதேன். வியாழக்கெழம வண்டிய விடுங்க, வெள்ளிக்கெழம காலையில எடுத்துக்கிடுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அழகுமலை முதல் பஸ்ஸில் தேனி வந்து இறங்கினார். சலவை வேட்டி, சரிகைத் துண்டு. பட்டறையில் கார் பின்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தது. கர்ணன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். சத்தமே இல்லை.

"காதை வச்சுக் கேளுங்கண்ணே. பட்டுச்சேலை உரசுற சத்தம்கூட வராது."

அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. கர்ணன் காரைத் தரையில் இறக்கியதும் ஏறி, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார்.

கார் பின்னால் போய்ப் பட்டறைச் சுவரில் இடித்து நின்றது.

"ரிவர்ஸ் போட்டுட்டீகளா?"

"ஒண்ணாம் கியருப்பா!"

இரண்டாவது கியர் போட்டார். பின்னால் போக இன்னும் வேகமாகத் துடித்தது. ரிவர்ஸ் போட்டார். கார் ஆமை மாதிரி முன்னால் நகர்ந்தது. கர்ணன் அடியில் புகுந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"அவசரத்துல பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கமா மாட்டிட்டேண்ணே. வண்டிக்கு இப்ப முன்னாடி பின்னாடியா மாறிப்போச்சு."

"திருப்பி மாட்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆயிரும்."

மணி எட்டரை. பத்தரைக்கு ராகு காலம்.

வேறு வழி இல்லாமல் ரிவர்ஸ் கியரிலேயே முன்னால் பார்த்துக் கிளம்பினார்கள். செய்த பாவத்துக்குக் கர்ணனும் கூட ஏறிக்கொண்டான். ரிவர்ஸ் கியருக்கென்று ஒரு சத்தம் உண்டு என்பது அழகுமலைக்கு அன்றுதான் தெரிந்தது. பத்தடி, இருபதடி போகும்போது அது காதில் விழுவதில்லை. மைல் கணக்கில் போனால் தலைக்குள் குளவி குடியிருப்பது போல இருந்தது. பாதி வழியில் முன்னால் புகை கிளம்பியது. தண்ணீர் கொதித்துப் போய்க் கார் நின்றுவிட்டது.

வைக்கோல் வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "கட்டி இழுக்கக் கயிறு வேணுமாய்யா?" என்று கேட்டார்.

அழகுமலை சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சரிகைத் துண்டில் கரி.

"திரும்பிப் போயிருவோம் கர்ணா. பதினோரு வருசம் போயிருச்சு. மிச்சமும் போயிரும்."

கர்ணன் அவர் முகத்தைப் பார்த்தான். வாய்க்காலில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். பிறகு காரைத் தள்ளி, பின்புறம் வடுகபட்டியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான்.

"ஏறுங்கண்ணே. பின்பக்கமா ஓட்டுனா மூணு கியரும் இருக்கு, சத்தமும் கெடையாது. நான் படியில நின்னு வழி சொல்லுதேன்."

அப்படியே போனார்கள். அழகுமலை கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்ட, கர்ணன் படியில் தொங்கிக்கொண்டு கூவினான்.

"எடது, எடது! மாடு! இப்ப வலது! ஆத்தா, ஒதுங்குங்க ஆத்தா! குட்டிச்சுவரு! குட்டிச்சுவரு அண்ணே!"

பத்து இருபதுக்குக் கார் வடுகபட்டிக்குள் நுழைந்தது. சத்தம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. சந்தனம்மாளின் அண்ணன் நல்லகண்ணு, காரின் பின்புறத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டு, "வாங்க, வாங்க" என்றார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடி, இன்னொரு கும்பிடு போட்டார்.

"எங்க ஊர்ல இப்படித்தான் மரியாதைக்கு..." என்று கர்ணன் எதையோ ஆரம்பித்தான். நல்லகண்ணு அவன் தோளைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டு, காரை ஆட்களோடு சேர்ந்து நிழலில் தள்ளப் போய்விட்டார்.

அழகுமலை கழுத்து ஒருபக்கமாகவே நிற்கக் கூடத்தில் உட்கார்ந்தார். சந்தனம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே வாசற்படியோரம் உட்கார்ந்தாள். நரைக்கத் தொடங்கிய தலை. நெற்றியில் திருநீறு. கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

யாரும் தன்னை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று அழகுமலைக்குத் தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியாமல், நடந்ததையே சொன்னார். மரத்தூளைச் சொன்னார். வாழைப்பழத்தைச் சொன்னார். கார் பின்னால் போனதைக் கையை வளைத்துக் காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு மடை திறந்துவிட்டது. தான் வைக்கும் குழம்பைச் சொன்னார், மாடுகளிடம் பேசுவதைச் சொன்னார். அப்புறம் யாரிடமும் சொல்லாததையும் சொன்னார்: பஞ்சம்மாள் கடைசியாகத் தண்ணி கேட்டபோது தான் வைத்தியரைத் தேடிப் போயிருந்ததை. அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இன்னும் கூர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

இப்படிக் கேட்க ஒருத்தி உலகத்தில் இருக்கிறாளே என்று அவர் நெஞ்சு நிறைந்துபோயிற்று. வண்டி எப்படி வந்தால் என்ன!

நல்லகண்ணுவின் மனைவி முருகம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். சந்தனம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, விரலால் ஏதேதோ காட்டினாள். காட்டும்போதே முகம் சிவந்துவிட்டது.

அழகுமலை எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். "சம்மதம்தானா, கேட்டுச் சொல்லும்மா."

முருகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சம்மதந்தானாம்ண்ணே, ஆனா எட்டு வயசுக் காய்ச்சல்ல காது போனதுலருந்து அது உதட்டைப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கிடும், அதனால அந்த மீசைய மழிச்சுட்டு வந்து எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லச் சொல்லுது."