சட்டம் மோட்டார் தள்ளிய வாரம்

நடந்தவை இவை:

1. சிரம்பானில் இருந்த மோட்டார் வாகன அலுவலகத்தை, கணினியை மாற்றுவதற்காக ஒரு வாரம் மூடினார்கள்.
2. மூடிய அன்றே எங்கள் ரப்பர் தோட்டத்து மீன்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு ரோட்டெக்ஸ், அதாவது வருடச் சாலை வரி, முடிந்தது.
3. மீன்காரர் மோட்டாரை ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்.
4. எங்கள் தோட்டமே சாலையோரத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டது.

முதலாவதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. அப்போதுதான் படிப்பை முடித்து, அந்த அலுவலகத்தில் புதிய கணினிகளைப் பொருத்திய கம்பெனியில் கேபிள் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மற்றவை அனைத்தும் மீன்காரரின் சாதனை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ஏன், மலேசியா முழுவதிலுமே, சாலை விதிகளை முழுதாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்று அடித்துச் சொல்வேன். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘சட்டம்’. “சட்டம் வந்துருச்சு, சட்டியக் கழுவு” என்றுதான் லயத்து வீடுகளில் குரல் கேட்கும்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, மாடுகளைத் தவிர ஒருவரும் இல்லாத செம்மண் பாதையிலும் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். மாடுகளும் பழகிப்போய், கை நீண்டதும் நின்று வழிவிடும். மருத்துவமனை அருகே ஹார்ன் அடிக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தார். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஓர் அறையும் ஒரு பெஞ்சும்தான். ஆனாலும் அந்தப் பக்கம் வந்ததும் சட்டத்தின் ஹார்ன் ஊமையாகிவிடும். அதன் பக்கத்து வீட்டில் குடியிருந்த, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் குடும்பம், மீன் வந்ததே தெரியாமல் பல வருடம் கருவாடு தின்றது.

ரோட்டெக்ஸை அவர் முன்கூட்டியே எடுத்ததில்லை. கடைசி நாளன்று மீனை விற்றுவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போவார். “உயிரோட இருக்கறதுக்கு எதுக்குலா புது உயிரு?” என்பது அவர் கட்சி. அலுவலகம் மூடப்போவதை நான் முன்பே சொன்னேன். “மொதல்ல முடியட்டும் பாப்பா” என்றார். முடிந்தது.

மறுநாள் நல்ல செய்தியோடு அவரிடம் போனேன்.

“மாமா, கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. இந்த வாரம் ரோட்டெக்ஸ் முடிஞ்சவங்களப் பிடிக்க மாட்டாங்களாம். நீங்க ஓட்டலாம்லா.”

“ஓட்டலாம்னு போட்டுருக்கா, பிடிக்க மாட்டோம்னு போட்டுருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். “பிடிக்க மாட்டோம்னுதான்.”

“அப்புறம் என்னா?” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். தள்ளுவதற்கு ஹெல்மெட் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம் ஒரு நாள், மேட்டுக்குக் கீழே என் பஸ் நின்றபோது, ஒரு போலீஸ்காரர் அவரை மறித்துப் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

“பாக்சிக், ஏறி ஓட்டுங்க. நான் பாக்கல” என்றார் போலீஸ்காரர் மலாயில், பெரியவருக்கு உரிய மரியாதையோடு.

“துவான், நீங்களே பாக்கலன்னா அப்புறம் யாரு பாக்குறது?” என்றார் சட்டம், அதே மலாயில்.

போலீஸ்காரர் பின்னால் போய், மீன் பெட்டியில் கை வைத்து, மேடு முடியும்வரை தள்ளிக்கொடுத்தார்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. சட்டத்துக்கு எங்கள் தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. தள்ளிக்கொண்டு வந்தால் மீன் சாயங்காலம்தான் வந்து சேரும். சுங்கை காடுட்டிலிருந்து ஒரு பையன் புது வேனில் ஐஸ், மைக் சகிதம் மத்தியானமே வந்து நின்றான். ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் ஒரு வாரம் அவனிடம் வாங்கிப் பழகினால், சட்டம் அவ்வளவுதான். இது எங்களுக்கும் தெரியும், வேன்காரனுக்கும் தெரியும்.

“வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா? அவனும் நம்ம புள்ளதான்” என்றார் பால்மரம் வெட்டும் என் அம்மா. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் தோட்டத்துக் கேட்டில் வேப்பிலை தொங்கும். அதை இறக்கும்வரை மீனும் இறைச்சியும் உள்ளே வராது. திருவிழாவுக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. ஆனாலும் வேப்பிலை தொங்கியது. வேன்காரன் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், வேனைத் திருப்பினான். லயமே சிரித்தது.

சாயங்காலம் சட்டம் வந்தார். அவரும் வேப்பிலையைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே மோட்டாருக்கு ஸ்டாண்ட் போட்டார்.

“உள்ள வாங்கண்ணே” என்றார் அம்மா.

“காப்புக் கட்டியிருக்கு.”

“அது வேன்காரனுக்குண்ணே. ஒங்களுக்கு இல்ல.”

“வேப்பிலையில பேரு எழுதியிருக்கா தங்கச்சி?”

“நாங்கதான கட்டுனோம்? இப்பவே அவுத்துடறோம்லா.”

“நெனச்சா கட்டி நெனச்சா அவுக்க, அது என்னா துணி காயப்போடுற கயிறா? மொறையா பூச போட்டு எறக்குங்க. அதுவரைக்கும் மீனு உள்ள வராது.”

முடிச்சை அவிழ்க்க நீட்டிய கையை அம்மா இறக்கிவிட்டார்.

“அப்ப நாங்க மீனு வாங்குறது எப்படி?”

சட்டம் கேட்டுக்கு வெளியே இருந்த புல்தரையைக் காட்டினார். “இது தோட்டம் இல்ல. ஜாலான். பொது ரோடு.”

பூசாரியோ ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல நாள் என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த வாரம் முழுக்க, சட்டியும் அடுப்பும் அரிசியும் கேட்டைத் தாண்டி வெளியே வந்தன. சாலையோரத்தில் கெம்போங் மீன் குழம்பு கொதித்தது. வேலை மேய்க்கும் மண்டோரின் குடும்பம் ஒரு பாயில், டிரெஸ்ஸர் குடும்பம் ஒரு பாயில். வெளியே ஹார்ன் அடிக்கத் தடையில்லை என்பதால் டிரெஸ்ஸர் வீட்டுக்கு முதன்முறையாக மீன் வந்த செய்தி எட்டியிருந்தது. சட்டம் ஹெல்மெட்டோடு சுற்றி வந்து, “கை கால் கழுவிட்டு உள்ள போங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஒரு சாயங்காலம் வேன்காரன் அந்த வழியாக வந்து பிரேக் போட்டான்.

“என்னாக்கா, வெரதம்னீங்க?”

“வெரதம் கேட்டுக்கு உள்ளலா தம்பி. இது ஜாலான்” என்றார் அம்மா.

அவன் எங்களைப் பார்த்தான், ஸ்டாண்டில் நின்ற மோட்டாரைப் பார்த்தான், அதில் ஒட்டியிருந்த பழைய ரோட்டெக்ஸையும் பார்த்தான். இறங்கி ஒரு தட்டு சாப்பிட்டான். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துப் பக்கம் வியாபாரத்துக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை போட்டு வேப்பிலையை இறக்கினோம். திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபோது, சட்டம் வியர்வை சொட்ட வாசலில் மோட்டாரோடு நின்றார். தோட்டத்திலிருந்து சிரம்பான்வரை தள்ளியே வந்திருக்கிறார்.

“மோட்டார் எதுக்கு மாமா? பதிவு கார்டு மட்டும் போதும். பஸ்ஸுல வந்துருக்கலாம்லா.”

“திரும்பிப் போறப்ப ஓட்டணும்ல பாப்பா.”

புது ரோட்டெக்ஸை ஒட்டினார். வலது கையை நீட்டி சிக்னல் காட்டினார். போனார்.

இப்போது சட்டத்துக்குக் கண் தெளிவாக இல்லை. செனாவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். மோட்டார் வாசலில் நிற்கிறது, ஓடாது. ரோட்டெக்ஸ் மட்டும் வருடா வருடம் எடுத்தாக வேண்டும் என்கிறார். நான் லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்று எடுத்து வருகிறேன், கடைசி நாளன்று.