சுற்ற மறுத்த தட்டு

"காலைல நல்லாத்தானே சுத்திச்சு?" என்றாள் ஜினிஷா.

அதுதான் அவள் கணவன் ஷாஜனுக்கும் புரியவில்லை. உருட்டிக் கட்டிய பச்சைத் தீவனத்தைத் தட்டில் ஏற்றி, சுழற்றிப் பிளாஸ்டிக் தாள் சுற்றும் இயந்திரம் அது; டிராக்டரிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். சவுதி வேலையை விட்டு வந்து வாங்கியிருந்தான். பால்பண்ணை முத்துநாயகத்துக்கு இன்று பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால் மறுபடியும் விமானம். மகள் அவனைப் 'போன் அப்பா' என்று கூப்பிடுவதை இன்னொரு தடவை தாங்க அவனால் முடியாது.

அந்த வீட்டில் ஜெபிக்காமல் மிக்சிகூட ஓடாது. வேலை தொடங்குமுன் ஷாஜனின் மாமியார் நேசம்மாள் இயந்திரத்தில் கைக்கு அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு உருகி உருகி ஜெபித்தாள். எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். ஆமென் சொல்லி ஷாஜன் லீவரைத் தள்ளியபோது, தட்டு மனமில்லாமல் நகர்ந்தது.

"எண்ணெய் பத்தல. எஞ்சின் வேகத்தக் கூட்டுங்க அண்ணே!" என்றான் ஷாஜன்.

டிராக்டரில் இருந்த ததேயுஸ் முட்டத்துக்காரர்; இவர்கள் சபை இல்லை, கத்தோலிக்கர். கூட்டினார். தட்டில் மாற்றமில்லை. தீவனக் கட்டைத் தூக்கி வைக்கும் இரும்புக் கை மட்டும் துள்ளி எழுந்து, அடுத்த தீவனக் கட்டை வாய்க்காலில் வீசியது.

"மக்கா, இது மிஷினா, மதம் புடிச்ச ஆனையா?" என்றார் முத்துநாயகம்.

"லீவர்தான் எண்ணெய்க்கு வழி விடும் அண்ணாச்சி. தட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போணும்னு இந்தச் சிவப்புத் திருகு பாத்துக்கிடும். இறுக்க இறுக்கக் கொறையும்."

"அப்ப திருகப் பாரு."

"அது நானே காலைல வச்சது. அதுல தப்பு வராது."

தான் செய்ததைச் சந்தேகப்பட யாருக்குத்தான் உடனே தோன்றுகிறது?

நேசம்மாள் மறுபடி ஜெபித்தாள். புதுக் கட்டு ஏறியது. தட்டு முன்னைவிட மெதுவாக ஊர்ந்து, பாதி தாளைச் சுற்றியது. எண்ணெய் திரும்பும் குழாயில் அடைப்பு என்று முடிவுகட்டிய ஷாஜன், இரண்டு குழாய்களையும் இடம் மாற்றிப் பூட்டினான். தட்டு பின்பக்கமாகச் சுழன்று, சுற்றிய தாளைப் பொறுமையாக அவிழ்த்துப் போட்டது.

முத்துநாயகம் பைக் சாவியைத் தேடினார்.

அவசர அவசரமாகக் குழாய்களைப் பழையபடி மாட்டினான். இந்தத் தடவை நேசம்மாள் கண்ணீரோடு ஜெபித்தாள். லீவரைத் தள்ளினான். தட்டு அசையவே இல்லை.

ஷாஜன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "ஜினி, பெட்டிய எடுத்து வை." ஜினிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எம் பிள்ளைய விட்டுட்டு நீங்க போவப்பிடாது மருமவனே!" என்று நேசம்மாள் மறுபடி இயந்திரத்தை நோக்கி நடந்தாள். "இன்னும் ஒரே ஒருக்கா ஜெபிப்போம்!"

ததேயுஸ் டிராக்டரிலிருந்து இறங்கி, தயங்கித் தயங்கி ஷாஜனிடம் வந்தார்.

"தப்பா நினைக்காத மக்கா. எஞ்சின் ஓடும்போ நான் கண்ண மூட முடியாதுல்லா? மாமி ஜெபிக்கும்போல்லாம் அந்தச் சிவப்புத் திருகப் புடிச்சு இறுக்கிக்கிட்டே இருந்தாவ. உங்க சபையில அதுவும் சேத்துதான் ஜெபமாக்கும்னு நான் சும்ம இருந்துட்டேன்."