வேண்டாம் என்று எழுதிய நீதிபதி

பதவியே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, பதவி வரும் வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வக்கீல் அசாகேல் பிரின்டில் அந்த இனத்தின் தலைமகன்.

குடியரசு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். மத்திய அரசு நியமித்த மாவட்ட நீதிபதி படுத்த படுக்கையானார். நலம் விசாரிக்கப் போன பிரின்டில், நோயாளியைவிட ஆணியில் தொங்கிய கறுப்பு அங்கியைத்தான் அதிக நேரம் பார்த்தார். தோள் அளவு சரியாக இருக்குமா? நீதிபதி கண்ணை மூடிய அன்றே, "எனக்கு விருப்பமில்லை, நண்பர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று செனட்டருக்குக் கடிதம் பறந்தது. எந்த நண்பர்கள் என்று செனட்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கடம்.

நியமனம் வந்தது. சத்திரத்தில் ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வாழ்த்தினார்கள்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றார் பிரின்டில்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குணம் விடுமா? அங்கேயே காகிதம் வாங்கி, "நான் தகுதியற்றவன், மன்னிக்கவும்" என்று எழுதி, கடைசி மேசைக்கும் கேட்கிறமாதிரி உரக்கப் படித்து, கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, தபால் பையில் போட்டார். 'நீங்கள்தான் வேண்டும்' என்று தலைநகரம் கெஞ்சும். அந்தக் கடிதத்தையும் இங்கேயே படிக்கலாம் என்று நினைப்பு.

வீட்டில் பன்றிக்கறியை உப்புக்கண்டம் போட்டுக்கொண்டிருந்த மனைவி மெகிட்டபெல் விஷயத்தைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டாந்தடவை கேப்பாங்கன்னு யாருங்க சொன்னது?"

பிரின்டில் குதிரையேறி, பனிச்சேற்றில் ஒன்பது மைல் விரட்டி, தபால்காரன் ஒபெட்டைத் தோணித்துறையில் பிடித்தார்.

"ஒபெட், அந்தக் கடுதாசியக் குடுத்துருப்பா!"

"பையில விழுந்தா அது ஜனாதிபதியோடதுங்க ஐயா. நான் தொட்டா உள்ள தள்ளிருவாங்க. உங்க அடக்கத்தப் பத்தித்தான் வழியெல்லாம் சொல்லிட்டு வந்தேன்!"

தோணி நகர்ந்தது. பிரின்டில் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

தலைநகரம் அவர் எழுத்தை மதித்தது. பதவி அவருடைய பரம எதிரி ஹிராம் லட்லோவுக்குப் போனது. ஹிராம் "சரி" என்று ஒரே வரி எழுதினார். அதன்பின் இருபத்திரண்டு வருஷம் பிரின்டில் அந்த முகத்தைப் பார்த்து, "கனம் நீதிபதி அவர்களே" என்று குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் இரண்டு பல் தேய்ந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு உங்கள் பெயரைச் சொன்னபோது கையைப் பலமாக ஆட்டி மறுத்தீர்களே, யாரோ இன்னொரு பெயரை முணுமுணுத்ததும் அந்தக் கை ஏன் பாதியில் நின்றது?