பாலர் வகுப்பில் தேறிய அப்பா

ஆண்டு முடியும் நேரத்தில் பள்ளிக்கூட வாசல்களில் கூட்டம் கூட்டமாகத் தென்படும் ஓர் உயிரினத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பாலர் வகுப்பில் தேறிய அப்பா. தேறியது பிள்ளைதானே என்று கேட்கிறீர்களா? பிள்ளை சும்மா கூடப் போய் வந்தது. எழுதியது, வண்ணம் தீட்டியது, பஞ்சு ஒட்டியது, விரலில் பசையோடு சாப்பிட உட்கார்ந்தது எல்லாம் இவர்தான்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "நேத்து எங்களுக்கு டெஸ்ட்" என்பார். "எங்களுக்கு ஹோம்ஒர்க் ஜாஸ்தி" என்று கல்யாண வீட்டிலிருந்து பாதியில் கிளம்புவார். காலையில் பிள்ளையின் பையைத் தன் தோளிலும் தண்ணீர் பாட்டிலைத் தன் கழுத்திலும் மாட்டிக்கொண்டு வந்து, உள்ளே போன பிள்ளைக்கு வாசல் கம்பி வழியாக ஜாடை காட்டி, மூக்கைத் துடை என்பதற்குத் தன் மூக்கைத் துடைத்து, காலரைச் சரிசெய் என்பதற்குத் தன் காலரை இழுத்துவிட்டு, கடைசியில் வாட்ச்மேன் வந்து, "சார், உங்களைச் சேத்துக்க வயசு தாண்டிப்போச்சு, கெளம்புங்க" என்று சொல்லும்வரை நகர மாட்டார். அப்போதும் பாட்டில் கழுத்தில்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, "மெதுவா படிங்க, அவசரமே இல்ல" என்று தேனாகப் பேசுவார். சொந்த மகள் ஓர் எழுத்துக்கு வாய் திறப்பதற்குள் வரி முழுவதையும் இவரே வாசித்து, "சபாஷ்" என்றும் சொல்லிவிடுவார். யாருக்குச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருமுறை களிமண்ணில் யானை செய்துவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்தவை தும்பிக்கை முளைத்த உருளைக்கிழங்குகள். என் மகளுடையதற்குத் தும்பிக்கையும் வழியிலேயே விழுந்துவிட்டது. இவர் மகளின் யானைக்கோ கால் நகம் இருந்தது. கண் இமைகூட இருந்தது.

"அடேயப்பா, யாரு கண்ணு செஞ்சது?" என்று கேட்டார் டீச்சர்.

"அப்பா. நான் தொட்டா கெட்டுப்போயிடுமாம்."

குழந்தை வருத்தத்தோடு சொல்லவில்லை. வீட்டு விலாசத்தை ஒப்பிப்பது போலச் சொன்னது. அதைக் கேட்டு எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

ஆண்டின் கடைசி நாள் நெருங்கியது. பிள்ளைகளை வழியனுப்பும் விழாவில் காட்டு நாடகம். இவர் மகள் மரம். ஒரே ஒரு வசனம்.

"மரமா? அவளுக்கு சிங்கத்தோட வசனம் பூரா மனப்பாடம் டீச்சர்!" என்று குதித்தார் இவர்.

"அவளுக்கா, உங்களுக்கா?" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், இந்த வருஷம் பூரா அவ தானா ஒண்ணுகூடச் செய்யல. அடுத்து பெரிய ஸ்கூல். அங்க நீங்க பக்கத்துல உக்கார முடியாது. இந்த ஒரு வசனத்தையாவது அவளே சொல்லட்டும். விடுங்க."

விட்டாரா? வீட்டில் குளியலறையில், படிக்கட்டில், சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒத்திகை நடந்தது. அவர் மனைவி பொறுக்க மாட்டாமல், "உங்களுக்கு மரவேஷம் தைக்கக் குடுத்தாச்சா?" என்று கேட்டாராம்.

விழா அன்று அவருக்குப் பின்வரிசையில் நான் இருந்தேன். பச்சைக் காகிதக் கிளைகளோடு குழந்தை முன்னால் வந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் பின்பக்கத்தை மனைவி பிடித்திருந்தார். முழங்கால் ஆடியது. அவ்வளவுதான், சட்டை கைநழுவ, எழுந்தே விட்டார்.

"நான் மரம்! என் நிழலில் எல்லோருக்கும் இடம் உண்டு!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. குழந்தையின் முகம் சிவந்தது. போச்சு, அழப்போகிறாள், இனி எந்த மேடையிலும் ஏற மாட்டாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு கிளையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மைக்கில் சொன்னாள்:

"நீங்க மரம் இல்லப்பா. நான்தான் மரம். உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். மரம் நிதானமாக மூச்சு இழுத்துக்கொண்டது. "நான் மரம். என் நிழல்ல எல்லாருக்கும் இடம் இருக்கு. சிங்கம் மட்டும் வரக்கூடாது. அது கிள்ளுது."

கைத்தட்டலில் சிங்கத்தின் மறுப்பு யார் காதிலும் விழவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லிக் குடுக்கலையே" என்று முனகினார்.

"அதான் நல்லா இருந்துச்சு," என்றார் மனைவி.

நீங்கள் இந்த ரகம் இல்லை. நம்புகிறேன். இருந்தாலும் ஒரு விஷயம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் பிள்ளை கதவோரம் அமர்ந்து, இடது காலில் வலது செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ இடிக்கிறது என்று அதற்கே லேசாகச் சந்தேகம் தட்டியிருக்கிறது. குனிந்து பார்க்கிறது. யோசிக்கிறது. இதோ, கழற்றப் போகிறது...

எங்கே எழுந்துவிட்டீர்கள்?